பத்து மணிக்கு முன்

நவம்பரில் அந்த முகாமில் வெயில் மூன்று மணி பத்து நிமிடத்துக்குப் போய்விடும். மேற்கு முகடு அதை மறைத்துவிடும். அதற்குள் எண்ணி முடித்துவிட வேண்டும் என்று கர்னல் செவ்வந்தி நினைத்திருந்தாள்.

மூன்று நாட்களாக எண்ணினார்கள். வண்டிகள், துப்பாக்கிகள், பனிக்காலணிகள், கயிறுகள், பனியை உருக்கும் அடுப்புகள். பதினோராம் பனிமுகட்டுப் படையணியை ஒப்படைப்பவர் கர்னல் ஞானதுரை. ஏற்பவள் செவ்வந்தி. படையணியின் மூத்த சிப்பாயான சுபேதார் மேஜர் தங்கப்பழம் நடுவில் நின்று பட்டியலைப் படித்தார்.

"மண்வெட்டி, பனிக்கு உள்ளது, இருநூத்திப் பத்து."

"இருநூத்தி ஒம்பதுதான் இருக்கு."

"ஒண்ணு சமையக்கட்டுல கெடக்கும் மேடம். அதை வச்சுத்தான் சாம்பார் கிண்டுதானுவோ."

ஞானதுரை சிரிக்கவில்லை. மூன்று நாட்களில் அவர் சிரித்து அவள் பார்க்கவில்லை. உயரமான மனிதர். நிற்கும்போது ஒரு தோளைச் சுவரில் சாய்த்துக்கொள்வார். சுவர் இல்லாத இடங்களில் கொஞ்சம் ஆடினார்.

எல்லாத் தாள்களிலும் இருவரும் கையெழுத்திட்டார்கள். ஒரு கோப்பு மட்டும் திறக்கப்படவில்லை.

"அது?"

"அது நாளைக்கு மேடம்," என்றார் தங்கப்பழம். "நாளைக்குத் தெரிஞ்சிரும்."

அன்று காலையிலிருந்து முகாமில் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் அது. நாளை காலைக்கு என்ன பலகாரம் என்று சமையல்காரனிடம் கேட்டால் அவனும் அதையே சொன்னான். பின்னால் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

தலைமை மாறும் நாளில் பழைய தளபதியின் நினைவு புதிய தளபதிக்குப் போகும். காதுக்குப் பின்னால் நகத்தளவு தகடு. பழையவர் தகட்டிலிருந்து புதியவர் தகட்டுக்கு. அவர் படையணியில் இருந்த காலம் முழுவதும், அவருக்கு முன்னிருந்தவர்கள் விட்டுச் சென்றதும் சேர்ந்து. எந்தப் பிளவின் மேல் பனி ஏமாற்றும், எந்தச் சிப்பாய்க்கு உயரம் ஒத்துக்கொள்ளாது, எந்த ஓசை காற்று, எந்த ஓசை மனிதன் எல்லாம் வந்துவிடும். பிறகு கொடுத்தவரிடமிருந்து அது அழிக்கப்படும். ஒரே ரகசியம் இரண்டு தலைகளில் இருக்கக் கூடாது என்பது ஒரு காரணம். வீடு திரும்பிய தளபதிகள் சிலர் தூக்குப் போட்டுக்கொண்டது இன்னொரு காரணம். சிப்பாய்கள் இதைத் தலைமாத்து என்றார்கள்.

தலைமாத்து முடிந்ததும் புதிய தளபதி செய்யும் முதல் வேலை, இறந்தவர்களின் பெயர்களைச் சொல்வது. தாள் இல்லாமல் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் அணி முழுவதும் 'உண்டு' என்று குரல் கொடுக்கும். சுபேதார் மேஜர் பட்டியலில் பென்சிலால் குறிப்பார். எல்லாப் பெயரும் வந்துவிட்டால் நினைவு சரியாக வந்துவிட்டது என்று அர்த்தம். அதனால் அந்தக் கோப்பைப் புதியவர் முன்கூட்டிப் பார்ப்பதில்லை. நாளை வரப்போவதைப் பற்றி இன்று பேசுவது அழகில்லை என்று ஒரு வழக்கமும் இருந்தது.

அலுவலகத்திலிருந்து திரும்பும்போது தங்கப்பழம் அவளுடன் நடந்தார்.

"மேடம், வாசல்ல ஒரு பொம்பளை உக்காந்திருக்கு."

"யாரு?"

"லான்ஸ் நாயக் வில்வநாதன் சம்சாரம். அழைப்பு இல்ல, அதுவா வந்திருக்கு. மூணு நாளு ரயிலு, ரெண்டு நாளு லாரி. போன்னு சொல்ல வாய் வரல. காவலறையில உக்கார வச்சிருக்கேன்."

"இறந்தவங்க குடும்பத்துக்கெல்லாம் அழைப்பு போச்சே?"

"இவன் எறந்தவன் கணக்குல இல்ல மேடம். ஓடிப்போனவன். போன வருசம் ஜனவரியில. எட்டாம் முகட்டு போஸ்ட்ட விட்டுட்டு எறங்கிப் போயிட்டான்னு இருக்கு."

"ஜனவரியில எட்டாம் முகட்டுலேர்ந்து எங்க ஓடுவான்?"

தங்கப்பழம் காலணியால் பனியைத் தட்டினார். "கர்னல் சாப் எழுதினது. நான் அன்னிக்கு லீவுல இருந்தேன்."

காவலறையில் அந்தப் பெண் யாரோ கொடுத்த மேல்கோட்டைப் புடவைக்கு மேல் போட்டிருந்தாள். தலையில் குரங்குக் குல்லா. தேநீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், குடிக்கவில்லை. எழுந்து நின்றாள். பெயர் சுகிர்தா என்றாள். ஊர் கம்பத்துக்குப் பக்கம்.

"நீங்கதான் புது ஆபீசருங்களா?"

"நாளையிலேர்ந்து."

"எல்லாத்தையும் உங்க தலைக்குள்ள வச்சிருவாங்களாமே. காவலுக்கு நிக்கிற அண்ணன் சொன்னாரு."

"ஆமா."

"அப்ப அவரு என்ன ஆனாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சிரும்."

செவ்வந்தி தலையசைத்தாள்.

"பழைய ஆபீசரு என்னயப் பாக்கவே மாட்டேங்கறாரு மேடம். நாலு கடுதாசி போட்டேன். நாலுக்கும் ஒரே பதிலு, அச்சடிச்சது. நேத்து ஜன்னல்ல நின்னாரு. கும்பிட்டேன். திரைய இழுத்து விட்டுட்டாரு." அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம். பேரு படிப்பீங்களாமே, அதுல அவரு பேரையும் படிச்சிருங்க. எம்மகள ஓடிப்போனவன் மகள்ங்கறாங்க. பள்ளிக்கூடத்துல டீச்சரே சொல்லுதாம்."

"அவர் நெஜமாவே ஓடியிருந்தா?"

சுகிர்தா சிரித்துவிட்டாள். கையால் வாயை மூடினாள்.

"அவரா? கல்யாணத்தன்னிக்குப் போட்டோக்காரன் அசையாம நில்லுங்கன்னுட்டு பந்திக்குப் போயிட்டான் மேடம். இவரு நின்னுக்கிட்டே இருந்தாரு. அரை மணி நேரம். மாலையோட. எங்க சித்தப்பா வந்துதான், யோவ் மாப்ள, உக்காருய்யான்னு புடிச்சு உக்கார வச்சாரு. அவரா போஸ்ட்ட விட்டுப் போவாரு?"

வெளியே காவலன் காலை மாற்றி நின்றான்.

"அவர் ஓடலைன்னா நாளைக்கு எனக்குத் தெரிஞ்சிரும்," என்றாள் செவ்வந்தி. "தெரிஞ்சா கண்டிப்பா படிப்பேன்."

"சத்தியமா?"

"சத்தியம்."

ஆறு மணிக்கு அவள் அறைக் கதவு தட்டப்பட்டது. ஞானதுரை. தொப்பி கையில் இருந்தது. உள்ளே வரச் சொன்னாள். அவர் வாசற்படியிலேயே நின்றார். தோள் கதவு நிலையில் சாய்ந்திருந்தது.

"சாப்பிட்டீங்களா சார்?"

"ம்." தொப்பியை ஒரு சுற்று சுற்றினார். "உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"நாளைக்கு வர்றதா?"

"ஆமா. அதான். நாளைக்கு வந்துரும். ஆனா..."

அவர் முகம் அவளுக்குப் பாவமாக இருந்தது. இரண்டரை வருடம் இந்த உயரத்தில் இருந்தவர். இதற்கு முன் அவள் இரண்டு படையணிகளில் தலைமாத்து பார்த்திருக்கிறாள். கடைசி நாளில் எல்லாத் தளபதிகளும் இப்படி ஒருமுறை வந்து நிற்பார்கள். பேச விட்டால் அழுவார்கள். மறுநாள் எதற்கு அழுதோம் என்று அவர்களுக்கே தெரியாது. அழுததைப் பார்த்தவருக்குத்தான் சங்கடம்.

"சார்," என்றாள். "காலையில பத்து மணிக்கு எனக்கே தெரிஞ்சிரும். இன்னிக்கு ஒரு ராத்திரி. நிம்மதியாத் தூங்குங்க."

"நான் சொன்னா நான் சொன்னதா இருக்கும்."

அவளுக்கு அது புரியவில்லை. புன்னகைத்தாள். கதவில் கை வைத்தாள்.

"எப்படியும் என்கிட்டதானே சார் வரப்போவுது. யார் சொன்னா என்ன?"

அவர் அவளைப் பார்த்தார். பிறகு தொப்பியை அணிந்துகொண்டார்.

"அதுவும் சரிதான்," என்றார்.

காலை ஒன்பது மணிக்கு மருத்துவக் கூடாரத்தில் இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே போடப்பட்டிருந்தன. ஞானதுரை ஒன்றில் அமர்ந்திருந்தார். சட்டையின் கை மடிக்கப்பட்டிருந்தது. கேப்டன் ரஃபீக் அவர் கையில் ஊசி போட்டுப் பஞ்சை வைத்து அழுத்தினான். பிறகு ஒரு தாளை எடுத்துக்கொண்டு செவ்வந்தியிடம் வந்தான். இளைஞன். விரல்களுக்கு வெதுவெதுப்பு வர ஊதிக்கொண்டே இருந்தான்.

"சம்மதப் பத்திரம் மேடம். படிச்சுக் காட்டணும்னு ரூல். கொட்டாவி விடலாம், தப்பில்ல."

"படிங்க."

"வர்ற நினைவு உங்க நினைவு மாதிரியே இருக்கும். எது உங்களுது எது வந்ததுன்னு போகப்போகப் பிரிக்க முடியாது. தலைவலி ரெண்டு நாள். அப்புறம், பெற்ற நினைவு சாட்சியம் ஆகாது. எந்தக் கோர்ட்டும் ஏத்துக்காது."

"ஏன்?"

"நீங்க பாத்தீங்களா, உங்களுக்குத் தோணிச்சான்னு உங்களுக்கே தெரியாதே மேடம். அடுத்தது, கொடுத்த நினைவுக்குத் தண்டனை இல்லை. கர்னல் சாப் என்ன செஞ்சிருந்தாலும் பத்து மணிக்கப்புறம் அவரைக் கேக்க முடியாது. அவருக்கே தெரியாததுக்கு என்னன்னு கேக்கறது?"

செவ்வந்தி பேனாவை எடுத்தாள். எடுத்த கை நின்றது.

"அப்ப, செஞ்சவருக்கு நினைவில்லை. நினைவு இருக்கறவங்க செய்யலை."

"நல்லா ஏற்பாடு பண்ணியிருக்காங்க, இல்ல?" என்று ரஃபீக் சிரித்தான்.

"கொடுக்கறவர் முன்னாடியே வாயத் திறந்து சொல்லிட்டா?"

"அப்ப அது வாக்குமூலம். முழுசாச் செல்லும். ஒரு அதிகாரி காதால கேட்டாப் போதும். ஆனா யாரும் சொன்னதில்ல மேடம். பத்து மணியானா தானாப் போற வலிக்கு யாரு டாக்டரைத் தேடுவா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். ஞானதுரை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இமைகள் பாதி மூடியிருந்தன.

"சார்," என்றாள். நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "நேத்து சாயங்காலம் என்ன சொல்ல வந்தீங்க?"

அவர் உதடு அசைந்தது.

"மேடம், ஊசி போட்டாச்சு," என்றான் ரஃபீக். "இனிமே அவர் சொல்றது எதுவும் செல்லாது."

"சார்!"

"குளிருது," என்றார் ஞானதுரை.

ரஃபீக் ஒரு போர்வையை எடுத்து அவர் முழங்காலில் போட்டான். வெளியே பேண்டு வாத்தியக்காரர்கள் சுருதி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரிகேடியரின் ஹெலிகாப்டர் இறங்கும் சத்தம் கேட்டது. அவள் உட்கார்ந்து கையெழுத்திட்டாள்.

அது படம்போல வரவில்லை. சாவியை எங்கே வைத்தோம் என்று சட்டென்று தெரிவதுபோல வந்தது. முதல் தளபதிக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. மூன்றாமவருக்கு மண்ணெண்ணெய் வாசனை ஆகாது. மூன்று நீளத் துணிமூட்டைகள் ஒரு லாரியில். ஒரு சிப்பாய் தன் காலணியை எதற்காகவோ கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு இறந்திருந்தான். பெயர்கள் தாமாக வந்தன, வீட்டுப் பெயர்கள்போல.

பிறகு எட்டாம் முகடு.

பொங்கல் அன்று. தலைமையகத்திலிருந்து தளபதிகளின் தளபதி எல்லா முகாம்களுக்கும் வாழ்த்துச் சொல்லவிருந்தார். நான்கு மணிக்கு என்றார்கள். சமிக்ஞை எட்டாம் முகட்டைத் தாண்டித்தான் வர வேண்டும். அங்கே கோபுரத்தைப் பார்த்துக்கொள்ள வில்வநாதன் தனியாக இருந்தான். மூன்றரைக்குக் காற்று ஏறியது.

"எட்டு பேசறேன் சார். காத்து ஏறுது. இறங்கலாமா?"

"இரு. லைன் வேணும்."

நான்கு மணிக்கு வாழ்த்து வரவில்லை. நாலரைக்கு என்றார்கள்.

"எட்டு சார். இறங்கலாமா?"

"இரு."

நான்கு முறை கேட்டான். நான்கு முறையும் நான் இரு என்றேன். இல்லை, அவர். செவ்வந்தி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐந்தேகாலுக்கு வாழ்த்து வந்தது. பதினோரு நிமிடம். சிப்பாய்கள் கைதட்டினார்கள். சர்க்கரைப் பொங்கலில் முந்திரி அதிகம். அதன் பிறகு எட்டாம் முகட்டுக்கு வழி இல்லை.

"எட்டு சார். மேடு பள்ளம் தெரியல. இறங்கலாமா?"

ஆறு பேரை மேலே அனுப்பினால் ஆறு பேரும் திரும்ப மாட்டார்கள். அந்த முடிவு சரி. அதில் குறை சொல்ல முடியாது. வயர்லெஸ் பார்த்துக்கொண்டிருந்த சிப்பாயைத் தேநீர் வாங்கி வர அனுப்பினேன்.

"இரு," என்றேன். "ஆள் வர்றாங்க."

"சரி சார்."

யாரையும் அனுப்பவில்லை. குரல் இன்னும் மூன்று முறை வந்தது. பிறகு ஒலிக் குமிழைத் திருப்பினேன். குமிழ் வழுவழுப்பாக இருந்தது. நான் வந்த ஏழாவது மாதம் உடைந்து மாற்றப்பட்ட குமிழ் அது. பதிவேட்டை இழுத்து, ஐந்து நாற்பதுக்குக் காவலைவிட்டு அனுமதியின்றி இறங்கிவிட்டான் என்று எழுதினேன். மறுநாள் தேடுதல் குழுவை அனுப்பினேன். முகட்டுக்கு அல்ல. ஓடியவனைத் தேடுகிற மாதிரி, கீழே, சாலைப் பக்கம். இரண்டு நாள் தேடினார்கள். அதற்குள் முகட்டில் பனி சரிந்து எல்லாம் மூடிவிட்டது.

அவன் ஓடவில்லை. இருக்கச் சொன்னதால் இருந்தான்.

பிறகு கடிதங்கள். ஜன்னலில் ஒரு பெண் கும்பிடுகிறாள். திரைத்துணி கைக்கு முரடாக இருக்கிறது.

கடைசியாக ஒரு கதவு. அவளுடைய கதவு. திறந்தவள் செவ்வந்தி. தன்னை அவள் வெளியிலிருந்து ஒருபோதும் பார்த்ததில்லை. நினைத்ததைவிடக் குள்ளம். காதோரம் ஒரு முடி விலகியிருந்தது. முகத்தில் அவ்வளவு கருணை. தொப்பியின் விளிம்பு விரலில் சுழல்கிறது. வயிற்றில் ஒரு கல் இருக்கிறது. அதை இறக்கி வைத்துவிடலாம், இன்னும் இரண்டு வாக்கியம், வில்வநாதன் ஓடவில்லை, நான்தான். அந்தக் குள்ளமான பெண் சிரித்துக்கொண்டே கதவில் கை வைக்கிறாள். யார் சொன்னா என்ன? அந்த நொடியில் ஒரு பெரிய நிம்மதி. முழங்கால்வரை இறங்கிய நிம்மதி.

அதுவும் இப்போது அவளுடையதுதான்.

கண்ணைத் திறந்தபோது பத்து மணி இருபத்தைந்து நிமிடம். ரஃபீக் அவள் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தான். எதிர் நாற்காலியில் ஞானதுரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கூடாரத்தைச் சுற்றிப் பார்த்தார். எங்கேயும் சாயவில்லை.

"நல்ல இடமா இருக்கே," என்றார். "எவ்வளவு உயரம் இது?"

மைதானத்தில் முந்நூறு பேர் நின்றார்கள். பனியைச் சீவி ஒதுக்கியிருந்தார்கள். இறந்தவர்களின் குடும்பங்கள் வலப்பக்கம் நாற்காலிகளில் இருந்தன. சுகிர்தா நாற்காலிகளுக்குப் பின்னால், கயிற்றுக்கு வெளியே நின்றாள். பிரிகேடியர் நடுவில் நின்றார். ஞானதுரை தளபதியின் கோலைக் கொடுத்தார், செவ்வந்தி வாங்கினாள். அவர் சல்யூட் அடித்தது அவ்வளவு சுத்தமாக இருந்தது.

அவள் முன்னால் வந்து நின்றாள். தங்கப்பழம் பென்சிலோடு பக்கத்தில் நின்றார்.

"நாயக் பொன்னுரங்கம்."

"உண்டு!"

சத்தம் முகட்டில் மோதித் திரும்பியது.

"சிப்பாய் லூர்துராஜ்."

"உண்டு!"

"ஹவில்தார் காசிம் மைதீன்."

"உண்டு!"

பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு பெயரோடும் ஒரு முகம், ஒரு பனிச்சரிவு, ஒரு இருமல். பெயர்களுக்கு நடுவே ஒரு குரல் மட்டும் மெதுவாக, பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. இறங்கலாமா சார்? இறங்கலாமா? அவள் குரலை உயர்த்தினாள். குடும்பங்களில் யாரோ விசும்பினார்கள். தங்கப்பழத்தின் பென்சில் தாளின் அடிக்கு வந்தது.

"சிப்பாய் திருவேங்கடம்."

"உண்டு!"

நாற்பத்து மூன்று. தங்கப்பழம் கடைசிக் குறியைப் போட்டுவிட்டுப் பென்சிலைக் காதில் செருகினார். பேண்டுக்காரர் குச்சியை உயர்த்தினார்.

"லான்ஸ் நாயக் வில்வநாதன்," என்றாள் செவ்வந்தி.

குச்சி காற்றில் நின்றது. யாரும் குரல் கொடுக்கவில்லை. முன் வரிசையில் ஒருவன் கண்ணை மட்டும் பக்கவாட்டில் திருப்பித் தங்கப்பழத்தைப் பார்த்தான். தங்கப்பழம் தாளைப் பார்த்தார். அதில் இடம் இல்லை.

"மேடம்," என்றார், உதடு அசையாமல். "லிஸ்ட்ல இல்ல."

"லான்ஸ் நாயக் வில்வநாதன். எட்டாம் முகடு."

தங்கப்பழம் பட்டியலை நான்காக மடித்தார். சட்டைப் பைக்குள் வைத்தார். பொத்தானைப் போட்டார். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"உண்டு!" என்றார்.

அவர் ஒரு ஆள். அதன் பிறகு முந்நூறு பேர்.

கயிற்றுக்கு வெளியே நின்ற சுகிர்தா பனியில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ ஒரு தாய் தன் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் அவளிடம் போட்டாள்.

தேநீர்க் கூடாரத்தில் பிரிகேடியர் அவளைத் தனியாக அழைத்தார். கையில் பஜ்ஜி இருந்தது.

"அது என்ன கடைசிப் பேர்?"

"அவன் காவலை விட்டுப் போகல சார். உத்தரவுப்படி இருந்தான்."

"யார் சொன்னது?"

"எனக்குத் தெரியும்."

"உங்களுக்கு வந்திருக்கு. தெரியும்னு சொல்லக் கூடாது." அவர் பஜ்ஜியை இரண்டாகப் பிட்டு ஆவி போக ஊதினார். "வாசிச்சது வாசிச்சாச்சு. சபையில என்னால ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா தாள்ல எதுவும் மாறாது, புரியுதா? மாத்தணும்னா செஞ்சவன் சொல்லணும். செஞ்சவன்னு இப்ப யாரும் இல்ல."

"முன்னாடியே சொல்ல வந்தார் சார்."

"யார்கிட்ட?"

செவ்வந்தி தளபதியின் கோலை மறுகைக்கு மாற்றினாள். பிரிகேடியர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு தலைவலிக்கு மாத்திரை போட்டுக்கொள்ளச் சொன்னார்.

பன்னிரண்டு மணிக்கு ஜீப்பில் கயிறுகள் கட்டினார்கள். போகிற தளபதியின் வண்டியை இஞ்சின் போடாமல் வாசல்வரை இழுத்துச் செல்வது வழக்கம். ஞானதுரை மாலையோடு ஜீப்பில் நின்றார். முன்னால் கயிற்றைப் பிடித்தவர்களில் செவ்வந்தியும் இருந்தாள். இழுக்கும்போது சிப்பாய்கள் பாட்டுப் பாடினார்கள். அவரும் தாளம் போட்டார். இரண்டரை வருடத்தில் அவர் தாளம் போட்டதை யாரும் பார்த்ததில்லை.

"ஏல, சாப் பத்து வயசு கொறஞ்சிட்டாரு," என்றான் ஒருவன்.

"பின்ன? கனத்தையெல்லாம் அம்மா தலையில ஏத்தியாச்சுல்லா."

"வாய மூடிட்டு இழுலே," என்றார் தங்கப்பழம்.

வாசலில் சுகிர்தா தன் பையோடு நின்றிருந்தாள். ஊர் திரும்பும் லாரி அங்கிருந்துதான் கிளம்பும். கண் வீங்கியிருந்தது. ஆனால் நேராக நின்றாள். ஜீப் நெருங்கியதும் ஞானதுரை கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். இறங்கினார். மாலையைக் கழற்றி இருக்கையில் வைத்துவிட்டு அவளிடம் நடந்து வந்தார்.

"அந்தக் கடைசிப் பேர், அவர் உங்க வீட்டுக்காரரா?"

"ஆமாங்கய்யா."

அவர் கைகூப்பினார். கண் கலங்கியிருந்தது. அதில் பொய் இல்லை. அந்தக் கண்ணீரின் உட்புறம் எப்படி இருக்கும் என்று செவ்வந்திக்குத் தெரியும். இந்த மனிதர் சுலபமாக அழக்கூடியவர். இரண்டரை வருடம் முன்னால் அப்படித்தான் இருந்தார்.

"எனக்கு எதுவும் ஞாபகம் இல்லம்மா. தப்பா எடுத்துக்காதீங்க. எங்க ஏற்பாடு அப்படி." தங்கப்பழத்திடம் திரும்பினார். "எப்ப நடந்தது சாப்?"

"போன வருசம் பொங்கலுக்கு சார்."

"அப்ப நான்தான் இருந்தேன்."

"ஆமா சார்."

அவர் மலையைப் பார்த்தார். முகடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார், எட்டாவது எது என்று தெரியாமல். விழுந்த பல்லின் இடத்தை நாக்கு தேடுவதுபோல அவர் முகம் எதையோ தேடியது. அங்கே ஒன்றும் இல்லை. சுகிர்தா அவரைப் பார்க்கவில்லை. செவ்வந்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞானதுரையும் செவ்வந்தி பக்கம் திரும்பினார். கயிறு இன்னும் அவள் கையில் இருந்தது.

"உங்களுக்கு இப்ப எல்லாம் தெரியும்ல மேடம்? இவங்களுக்கு நீங்களே சொல்லிடுங்க. நான் அவனைத் தேடினேன்தானே?"